சுவர் காயட்டும்

அவசரப்பட்டுப் பெயிண்ட் அடித்தால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் பெண் இந்துஜாவின் கல்யாணத்துக்காக வாசல் சுவரைப் புதிதாகப் பூசி, ஒன்பதாம் நாளே மஞ்சள் அடித்தோம். அன்றைக்குப் பார்க்க ஜோராகத்தான் இருந்தது. அடுத்த மழைக்குள் சுவர் முழுக்கப் பொரித்த அப்பளம் மாதிரி கொப்புளம்; விரல் பட்டால் பொலபொலவென்று உதிரும். சம்பந்தியம்மாள் வந்தவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போது புடவைத் தலைப்பைச் சுவரில் படாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எல்லாவற்றையும் சுரண்டி, காயப்போட்டு, மறுபடி அடிக்க வைத்தேன். இனி இந்த வீட்டில் பூச்சு காயாமல் பிரஷ் படாது என்று அன்றைக்கே தீர்மானம் செய்துகொண்டேன்.

நான் சியாமளா. அறுபத்தேழு வயது. சர்க்கார் ஆபீஸில் முப்பது வருஷம் டைப் அடித்தவள். மார்ஜின் ஒரு நூல் கோணினாலும் தாளை உருவிக் கிழித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து அடிப்பேன். என் கணவர் சுந்தரேசன் வேறொரு ஆபீஸில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். பரம சாது. நான் கத்துவேன், அவர் சரி என்பார். நாற்பத்தோரு வருஷக் குடித்தனம் அப்படியே ஓடிவிட்டது.

அவர் ஓய்வு பெறும் வரை ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் இருந்தோம். வரிசை வரிசையாக ஒரே அச்சில் வார்த்த கட்டடங்கள், எல்லாவற்றுக்கும் ஒரே வெளிறிய மஞ்சள். அதன்பிறகு ஜனக்புரி பக்கம் ஒரு சந்தில் இந்தச் சின்ன மாடி வீட்டை வாங்கினோம். வீட்டுக்குள் எது எங்கே இருக்க வேண்டும் என்பதெல்லாம் என் இஷ்டம். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: வெளிச்சுவருக்கு அந்தக் குவார்ட்டர்ஸ் மஞ்சள் வேண்டும். என்ன ரசனையோ என்று தலையில் அடித்துக்கொண்டு ஒத்துக்கொண்டேன். போகப்போக சந்தில் மற்ற வீடுகளை எல்லாம் பில்டர்கள் வாங்கி இடித்து நாலு மாடி கட்டி, முகப்பில் ஒரே மாதிரி சாம்பல் கல்லை ஒட்டிவிட்டார்கள். எங்கள் வீடு மட்டும் மஞ்சளாகவே இருந்தது. காஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவனிடம்கூட நம்பர் சொல்ல வேண்டாம், 'பீலா மகான்', அதாவது மஞ்சள் வீடு, என்றால் போதும்.

இந்த வருஷ மழையில் அந்தச் சுவர் ஊறி உப்பி, ஒரு பெரிய பாளம் பெயர்ந்து பக்கத்து வீட்டு ஸ்கூட்டர்மேல் விழுந்தது. அந்தோணியைக் கூப்பிட்டேன். விழுப்புரம் பக்கத்து மனிதர், டெல்லிக்கு வந்து இருபத்தைந்து வருஷம் ஆகிறது. பூச்சு வேலை, பெயிண்ட் வேலை இரண்டும் தெரியும், பொய் பேச மாட்டார். தீபாவளி முடிந்த கையோடு ஆட்களை அழைத்துவந்து பழைய பூச்சை முழுக்கக் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசினார். ஏழு நாள் காலையும் மாலையும் தண்ணீர் அடிக்க வேண்டும், பிறகு காயவிட வேண்டும், பூசின நாளிலிருந்து மொத்தம் இருபத்தெட்டு நாள் என்றார். நீங்கள் சொல்லவே வேண்டாம் என்றேன். சமையலறைக் காலண்டரில் நாளை எண்ணிச் சிவப்புப் பேனாவால் சுழித்து வைத்தேன். அந்தோணி சுவரில் ஒரு சாண் பாலிதீனை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டிவிட்டுப் போனார். அதன் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்தால் சுவரில் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம்.

பதினோராம் நாள் அந்தோணி மறுபடி வந்தார். பிரைமரையும் பெயிண்ட்டையும் மாடிப்படிக்கு அடியில் இறக்கி வைத்துவிட்டு, கொஞ்சம் தயங்கி நின்றார்.

"வேணும்னா இந்த வாரமே அடிச்சிரலாம்மா. ஈரம் தாங்கற பிரைமர் இப்ப வருது. இனிமே டெல்லியில புகை மூட்டம் வந்துச்சுன்னா பெயிண்ட் வேலையே நிறுத்தச் சொல்லிருவாங்க."

அதெல்லாம் ஒன்றும் வேண்டாம், ஒரு தடவை பட்டது போதும் என்றேன். அப்போது வாசற்படியில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த என் கணவர் தலையைத் தூக்கினார்.

"அடிச்சுடலாமே, சியாமளா. அவர்தான் சொல்றாரே."

நாற்பத்தோரு வருஷத்தில் வீட்டு விஷயத்தில் அவர் என்னை மறுத்துப் பேசியது அதுதான் முதல் தடவை. அதுவும் வெளி மனிதர் முன்னால். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சுவரைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும், நீங்கள் பேப்பரைப் பாருங்கள் என்று சொல்லி அடக்கிவிட்டேன். அவர் சரி என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் பார்த்தார். அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தார் என்று கதையில் எழுதினால் நன்றாக இருக்கும். இல்லை, நேராகத்தான் பிடித்திருந்தார். என் கண்ணுக்கு எதுவும் தப்பாகத் தெரியவில்லை.

அவருக்கு மறதி இருந்தது உண்மை. கோடையில் இந்துஜா குர்காவ்னிலிருந்து வந்தபோது, "அம்மா, அப்பா சேம் கொஸ்டின் மூணு தடவை கேக்கறா, டாக்டர்ட்ட காட்டலாமா?" என்றாள். எழுபத்துநாலு வயதில் மறக்காமல் பின்னே என்ன செய்வார், உனக்குத்தான் போன வாரம் என் பிறந்தநாள் மறந்துபோயிற்று, முதலில் உன்னைக் காட்டு என்று வாயை அடைத்தேன். எனக்கு வாய் சாமர்த்தியம் அதிகம் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்தச் சாமர்த்தியத்தை என்ன சொல்லித் திட்டுவது என்று இப்போது தெரியவில்லை.

பூச்சு ஆனதிலிருந்து தினமும் அவர் கேட்பார், எப்போது பெயிண்ட் அடிக்கப் போகிறார்கள் என்று. காப்பி குடிக்கும்போது கேட்பார். குளித்துவிட்டு வந்து விபூதி இட்டுக்கொண்டே கேட்பார். முதல் சில நாள் பதில் சொன்னேன். அப்புறம் காலண்டரைக் காட்டினேன். அப்புறம் எரிந்து விழுந்தேன். காலையில் பால் பூத்துக்குத் தூக்கை எடுத்துக்கொண்டு போகிறவர் இருபது நிமிஷத்தில் வருவது வழக்கம்; அந்த நாட்களில் முக்கால் மணி, ஒரு மணி ஆயிற்று. ஒருநாள் முக்கில் வேப்பமரத்தடியில் துணி இஸ்திரி போடுகிற பிரஸ்வாலா கூடவே வந்து வாசல் வரை விட்டுவிட்டுப் போனான். என்ன என்று கேட்டால், பேசிக்கொண்டே வந்தோம் என்றார். எனக்கு அடுப்பில் வேலை இருந்தது.

பத்தொன்பதாம் நாள் காலை. வெளியே புகை மூட்டம், எதிர் வீட்டு மாடி தெரியவில்லை. தூக்கைக் கையில் எடுத்துக்கொண்டு, ஷூவை மாட்டிக்கொண்டு, வாசலில் நின்று கேட்டார்.

"சியாமளா, இன்னிக்கு அடிச்சுடுவாளா?"

"இன்னும் ஒம்போது நாள். எழுதி நெத்தியில ஒட்டிக்கோங்கோ. சுவர் காய வேண்டாமா?"

"காயட்டும், காயட்டும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

எட்டு மணிக்கு அவர் வரவில்லை. ஒன்பதுக்கு நான் பூத்துக்குப் போனேன். ஏழுக்கே வாங்கிக்கொண்டு போய்விட்டார் என்றார்கள். மரத்தடிக்கு வந்தால் பிரஸ்வாலாவைக் காணோம்; மேஜை கவிழ்ந்து கிடந்தது. பூங்கா, கோவில், மெட்ரோ வாசல் எல்லாம் தேடினேன். இந்துஜா வந்தாள், போலீஸில் எழுதிக் கொடுத்தோம், போட்டோவைத் தெரிந்த தமிழர் குழுவுக்கெல்லாம் போனில் அனுப்பினாள். அந்தோணி கேள்விப்பட்டு நாலு ஆட்களோடு வந்து இரண்டு நாளும் சந்து சந்தாகத் தேடினார். அந்த வாரம்தான் காற்று கெட்டுப்போய்விட்டது என்று கட்டட வேலை, பெயிண்ட் வேலை எல்லாவற்றையும் ஊரெங்கும் நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். அவர்களுக்கும் வேறு வேலை இல்லை.

மறுநாள் பிரஸ்வாலா திரும்பி வந்தான். உறவில் கல்யாணம் என்று ஒருநாள் ஊருக்குப் போயிருந்தானாம். விஷயம் கேட்டதும் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். சுவரைக் கொத்தின நாளிலிருந்து அங்கிள் தினமும் பாலோடு வந்து அவனிடம் கேட்பாராம், 'பையா, பீலா மகான் கிதர் கயா?' என்று. மஞ்சள் வீடு எங்கே போயிற்று என்று. அவன் சிரித்துக்கொண்டே கையைக் காட்டுவானாம். அதோ, அதுதான் உங்கள் வீடு என்பானாம். அங்கிள் வேடிக்கை பண்ணுகிறார் என்று நினைத்திருக்கிறான். அன்றைக்குக் கை காட்ட அவன் இல்லை.

நான் அங்கேயே அந்த மரத்தடியில் நின்றேன். அவர் நின்ற இடத்திலிருந்து பார்த்தேன். சந்து முழுக்க சாம்பல் கல் முகப்பு, நடுவில் சாம்பல் நிறச் சிமெண்ட் முகப்பு. எது என் வீடு என்று நானே ஒரு கணம் தேட வேண்டியிருந்தது. அவர் தினமும் என்னைக் கேட்டது பெயிண்ட்டைப் பற்றி அல்ல. எனக்கு வழி தெரியவில்லை, வீட்டை எனக்குத் திருப்பிக் கொடு என்று கேட்டிருக்கிறார். வெளிப்படையாகச் சொல்ல வெட்கப்பட்டு இப்படிக் கேட்டிருக்கிறார். நான் பாவி, காலண்டரைக் காட்டினேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் போன் வந்தது. அனிருத் என்று ஆர்.கே.புரத்தில் இருக்கிற ஒரு தமிழ் இளைஞர், போட்டோவைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். அங்கே இடிப்பதற்காகக் காலி செய்து போட்டிருந்த ஒரு பழைய குவார்ட்டர்ஸ் பிளாக்கில், முதல் மாடிப் படியில் இவர் உட்கார்ந்திருந்தார். நாங்கள் இருபது வருஷம் குடியிருந்த வீட்டு வாசல் அது. சட்டைப் பையில் பஸ் டிக்கெட். மடியில் தூக்கு, உள்ளே பால் கட்டியாகத் திரிந்து கிடந்தது. என் சம்சாரம் ஆபீஸ் போயிருக்கிறாள், சாவி அவளிடம் இருக்கிறது, ஆறு மணிக்கு வந்துவிடுவாள் என்று அனிருத்திடம் சொல்லியிருக்கிறார். இரண்டு ராத்திரி அந்தக் குளிரில் எனக்காகக் காத்திருந்திருக்கிறார்.

நாலு நாள் ஆஸ்பத்திரி. காய்ச்சல், நெஞ்சு முழுக்கச் சளி. என்னைப் பார்த்ததும், "ஏன் சியாமளா இவ்வளவு லேட்டு?" என்றார். அந்த ஒரு வார்த்தையில் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. என்னைத் தெரிகிறது, அது போதும் என்று நினைத்தேன். டாக்டர் வேறு மாதிரி சொன்னார். ஒன்றரை இரண்டு வருஷமாகவே மறதி நோய் இருந்திருக்கும், பழகின அடையாளங்களைப் பிடித்துக்கொண்டு சமாளித்திருக்கிறார், இந்த அதிர்ச்சியில் அது மளமளவென்று முற்றலாம் என்றார். இந்துஜா என்னைப் பார்த்தாள். கோடையிலேயே சொன்னேனே என்று கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இருபத்தைந்தாம் நாள் வீட்டுக்குக் கூட்டிவந்தோம். டாக்ஸி வாசலில் நின்றது. அவர் இறங்கவில்லை.

"இது நம்மாத்து வாசல் இல்லையே," என்றார்.

கெஞ்சிக் கையைப் பிடித்து உள்ளே கொண்டுபோனோம். சோபாவின் ஓரத்தில் ஷூவைக் கழற்றாமல் உட்கார்ந்தார். தட்டில் போட்டதை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, போதும், ரொம்ப நன்றி என்றார். அரை மணிக்கு ஒருதரம் என் பக்கம் சாய்ந்து, "சியாமளா, நாழியாச்சு, ஆத்துக்குப் போலாம்," என்று காதோடு சொன்னார், வந்த இடத்தில் மரியாதைக் குறைவாகப் போய்விடக் கூடாதே என்று. இதுதான் நம் வீடு என்றால் சிரித்தார். அவர் சுவாமி படத்தைக் காட்டினேன், அவர் நாற்காலியைக் காட்டினேன். எதற்கும் அசையவில்லை. அப்போதுதான் எனக்கு அந்த நினைப்பு பிடித்துக்கொண்டது. சுவர் மஞ்சளாகிவிட்டால் போதும். வெளியே நின்று ஒரே ஒரு தடவை பார்த்தாரானால் எல்லாம் சரியாகிவிடும்.

அந்தோணிக்குப் போன் செய்தேன். வேலை நின்றதால் முந்தின நாள்தான் ரயிலேறி ஊருக்குப் போய்க்கொண்டிருந்தார். உடனே அடிக்க வேண்டும், யாரையாவது அனுப்புங்கள் என்றேன்.

"நீங்களாம்மா சொல்றீங்க?" என்றார்.

யாரும் வரமாட்டார்கள், பிடித்தால் அபராதச் சலான் போடுவார்கள் என்றார். குளிரில் சுவரும் காய்ந்திருக்காது, பாலிதீனைப் பாருங்கள் என்றார். என் குரலைக் கேட்டுவிட்டு அதற்குமேல் தடுக்கவில்லை. பெயிண்ட்டில் எவ்வளவு தண்ணீர் கலக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிக் கொடுத்தார்.

மறுநாள் காலை, இருபத்தாறாம் நாள், டப்பாவை நானே வாசலுக்கு இழுத்துக்கொண்டு வந்தேன். பாலிதீனைப் பிய்த்தேன். உள்பக்கமெல்லாம் நீர் முத்து. மணிக்கட்டு வழியாகச் சில்லென்று வழிந்தது. இதே ஈரத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஒவ்வொரு நாளும் அவருக்குப் பதில் சொன்னேன். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டேன். பிரைமர்கூட அடிக்கவில்லை. ஈரச் சுவரில் நேராக மஞ்சளைப் பூசினேன். சிமெண்ட் அதை அப்படியே குடித்தது, மறுபடி பூசினேன். ஸ்டூலில் ஏறி எட்டின மட்டும் அடித்தேன். புகையில் கண் எரிந்தது, இருமல் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, தடை இருக்கிறதே ஆன்ட்டி, யாராவது புகார் கொடுத்தால் வம்பு என்றார். கொடுக்கட்டும், நீங்களே கொடுங்கள் என்றேன். அவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். பதினோரு மணிக்குக் கதவின் இரண்டு பக்கமும், மேலே கதவு நிலையின் உயரம் வரைக்கும், திட்டுத் திட்டாக மஞ்சள் ஏறியிருந்தது. அதற்குமேல் மாடி வரை அதே சாம்பல். பரவாயில்லை, ஒரு மனிதன் நின்று பார்க்கிற உயரத்துக்கு வந்துவிட்டது.

இந்துஜாவைக் கூப்பிட்டு, அப்பாவை அழைத்துவா, மரத்தடி வரை கொண்டுபோய்த் திருப்பிக் கூட்டிவா என்றேன். அவள் அப்படியே செய்தாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல வந்தார். சந்தின் சாம்பல் வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்தவர் எங்கள் சுவருக்கு எதிரே வந்ததும் நின்றார். முகம் மலர்ந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், பழைய முகம் அப்படியே வந்தது. நான் பிரஷ்ஷும் கையுமாக நின்றேன்.

"பேஷா இருக்கு," என்றார். "எங்காத்துக்கும் இதே கலர்தான், மாமி."

இந்துஜா சட்டென்று அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் கிட்டே வந்து சுவரை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். விரலில் ஒட்டிய மஞ்சளையும் ஈரத்தையும் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார், கொஞ்சம் இரக்கத்தோடு.

"ஆனா காயறதுக்குள்ள அடிச்சுட்டேளே. உரிஞ்சு வந்துடும். எங்காத்துல இருபத்தெட்டு நாள் ஆகணும்னு கண்டிப்பா சொல்லிட்டா. அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

"ஆமாம்," என்றேன். "நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

உள்ளே வாருங்கள், ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுப் போகலாம் என்று கூப்பிட்டேன். வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. அவர் சந்தின் இரண்டு கோடியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இல்லை மாமி, இன்னொரு நாள் வரேன். எனக்கு நாழியாச்சு. அவ தேடிண்டிருப்பா."

"தேடிண்டுதான் இருக்கா," என்றேன்.